750 ரூபாய் வழக்கு: வாசலில் நிற்பவன் எப்படிக் கேள்வி கேட்பான்?

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பையன் ஜூனியராக வந்து சேர்ந்தார். வெளிமாநிலத்தில் சட்டம் படித்து, அங்கேயே வழக்கறிஞராகப் பதிவும் செய்து (என்ரோல் ஆகி)விட்டு, குடும்பச் சூழ்நிலையால் ஊருக்குத் திரும்பியவர். எந்த மாநிலம் என்று சொல்லப்போவதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை, அப்போது பல மாநிலங்களில் கதை இதுதான். ஒரு நாள் சர்டிபிகேட் எதையோ தேடிக் கவரைக் கொட்டியபோது ஒரு ரசீது விழுந்தது. பதிவுக் கட்டணம் என்ற வரிக்கு எதிரே 600 என்று இருந்தது. அதற்குக் கீழேதான் விஷயமே. நூலக நிதி, நல நிதி, அடையாள அட்டை, பரிசீலனைக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், நிர்வாகச் செலவு என்று வரிசையாக இறங்கி, அடியில் கூட்டுத்தொகை ஐந்து இலக்கத்தில் நின்றது. அதே கவரில் ஒரு அடகுக்கடைச் சீட்டும் இருந்தது. "அம்மா செயின் சார்" என்றார்.

"சட்டத்துல 750தானே தம்பி இருக்கு, நீங்க கேக்கலையா?" என்றேன்.

"கேட்டா அடுத்த பேட்ச்ல வாங்கன்னு சொல்லிட்டா என்ன சார் பண்றது? அப்பா லீவு போட்டு வந்திருந்தாரு."

2024 ஜூலை 30-ல் கௌரவ் குமார் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தப் பதில்தான். வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்புக்குப் பெயர் பார் கவுன்சில். தீர்ப்பைப் பத்திரிகைகள் 'பார் கவுன்சில் கட்டணம் குறைப்பு' என்கிற மாதிரி போட்டுவிட்டுப் போய்விட்டன. கோர்ட் எதையும் குறைக்கவில்லை. நாடாளுமன்றம் எப்போதோ எழுதிவைத்த தொகையைத்தான் திரும்ப எடுத்துக் காட்டியது. சட்டத்தைக் காப்பதற்கென்றே இருக்கும் அமைப்புகள், தங்களை உருவாக்கிய சட்டத்தில் பச்சையாக எழுதியிருக்கும் ஒரு தொகையை இத்தனை வருடம் எப்படி மீறி வந்தன, ஏன் யாரும் தடுக்கவில்லை என்பதுதான் இந்த வழக்கில் எனக்குப் பார்க்க வேண்டிய இடமாகத் தெரிகிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

வழக்கறிஞர்கள் சட்டம், 1961. அதன் 24-வது பிரிவு, யார் வழக்கறிஞராகப் பதிவு செய்யலாம் என்பதைச் சொல்கிறது. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 21 வயது முடிந்திருக்க வேண்டும், சட்டப் பட்டம் வேண்டும். அதே பிரிவில் (1)(எஃப்) என்று ஓர் உட்பிரிவு. முத்திரைத் தீர்வை ஏதும் இருந்தால் அது, அதுபோக மாநில பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கு 100-ம் 25-ம். அவ்வளவுதான். 'குறையாமல்' என்றோ 'கவுன்சில் நிர்ணயிக்கும் தொகை' என்றோ எங்கும் இல்லை. 1961-ல் இது 250 ரூபாயாக இருந்தது, 1993-ல் திருத்தம் கொண்டுவந்து இப்போதைய தொகையாக்கினார்கள். அதாவது விலைவாசி ஏறினால் என்ன செய்வது என்பதற்கு வழி சட்டத்திலேயே தெரிந்துவிட்டது: நாடாளுமன்றம் திருத்த வேண்டும். ஒருமுறை திருத்தியும் காட்டியிருக்கிறது.

முத்திரைத் தீர்வை பற்றி ஒரு கிளைக்கதை. 1899-ம் வருட இந்திய முத்திரைச் சட்டத்தின் அட்டவணையில் 30-வது இனம், உயர் நீதிமன்றப் பதிவேட்டில் அட்வகேட்டாகவோ வக்கீலாகவோ பெயர் ஏறுவதற்கு 500 ரூபாய் தீர்வை என்றது. 1899-ல் 500 ரூபாய்! நிலம் வைத்திருந்தவன் பிள்ளை மட்டும் கறுப்புக் கோட்டு போட்டதற்கு வேறு காரணங்களும் உண்டுதான், ஆனாலும் இந்தத் தொழிலின் வாசலில் உண்டியல் வைக்கும் பழக்கம் நேற்று வந்ததில்லை.

இப்போது இந்த வழக்கின் மனுவில் காட்டிய கணக்கைப் பாருங்கள். ஒடிசாவில் பதிவு செய்ய 42,100 ரூபாய். குஜராத்தில் 25,000, உத்தராகண்டில் 23,650, ஜார்க்கண்டில் 21,460, கேரளத்தில் 20,050. ஒடிசாத் தொகை சட்டத் தொகையைப் போல் 56 மடங்கு. 1993-லிருந்து விலைவாசி பத்து மடங்கு ஏறியது என்று தாராளமாக வைத்துக்கொண்டால்கூட 7,500-தான் வருகிறது, மிச்சம் முப்பத்திநாலாயிரத்துச் சொச்சத்துக்கு எந்தக் கணக்கும் ஒத்துவராது. தவிர, ஒரே மத்தியச் சட்டம், ஒரே தொழில், ஒரே சான்றிதழ், ஆனால் பிறந்து படித்த மாநிலத்தைப் பொறுத்து விலை மாறுகிறது.

கௌரவ் குமாரின் மனு 2023-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஆனால் எதிர்ப்பு அங்கே தொடங்கவில்லை. கேரளத்தில் சட்டம் முடித்த பட்டதாரிகள் ஏற்கெனவே உயர் நீதிமன்றம் போய், 750 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு பதிவு செய்யுங்கள் என்று 2023 தொடக்கத்தில் இடைக்கால உத்தரவே வாங்கியிருந்தார்கள். கேரளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று உயர் நீதிமன்றங்களிலும் இதே மாதிரி மனுக்கள் இருந்தன, அவற்றையும் இந்திய பார் கவுன்சிலின் கோரிக்கையின்பேரில் உச்ச நீதிமன்றம் தன்னிடமே எடுத்துக்கொண்டது. தீர்ப்பளித்தது அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பர்திவாலா கொண்ட அமர்வு. 2024 ஏப்ரலில் வாதம் முடிந்து தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

பார் கவுன்சில்கள் தரப்பில் சொன்னதையும் நியாயமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது முழுக்க வெற்று வாதம் இல்லை. அரசு எங்களுக்கு மானியம் தருவதில்லை, 1993-ல் வைத்த 600 ரூபாயில் இன்று ஓர் அலுவலகம் நடத்த முடியாது, ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்கள் இயங்க வேண்டும், வழக்கறிஞர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தர வேண்டும், இதற்கெல்லாம் எங்கே போவது? இது உண்மையான கேள்வி. சட்டரீதியாக அவர்கள் பிடித்துக்கொண்ட கொழுகொம்பு வேறு: 24(1)(இ) 'விதிகளில் குறிப்பிடும் வேறு நிபந்தனைகளையும்' பூர்த்தி செய்ய வேண்டும் என்கிறது, 28-வது பிரிவு விதி வகுக்கும் அதிகாரத்தைத் தருகிறது, ஆகவே கூடுதல் கட்டணமும் அப்படியொரு நிபந்தனைதான் என்றார்கள்.

கோர்ட் இதை ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் எளிமையானது, கீழ்க்கோர்ட்டில் முதல் வருட ஜூனியர்கூட சொல்லிவிடக்கூடியது. விதி வகுக்கும் அதிகாரம் தாய்ச் சட்டத்திலிருந்து வருவது. தாய்ச் சட்டமே ஒரு தொகையை எழுதிவிட்ட பிறகு, அதிலிருந்து பிறந்த விதி அந்தத் தொகையைத் தாண்ட முடியாது. நாடாளுமன்றம் 'இவ்வளவு' என்று வாயைத் திறந்து சொன்ன இடத்தில் 'வேறு நிபந்தனைகள்' என்ற பொதுச் சொல்லை நுழைத்து இன்னொரு கல்லாப்பெட்டி திறக்க முடியாது. பெயரை நூலக நிதி என்று மாற்றினாலும், நிர்வாகச் செலவு என்று மாற்றினாலும், அதைக் கட்டாமல் பெயர் பதிவேட்டில் ஏறாது என்றால் அது பதிவுக் கட்டணம்தான். தலைப்பை மாற்றிவிட்டால் தன்மை மாறாது என்பது எல்லா வரி வழக்குகளிலும் நாம் பேசுவதுதான், அது நமக்கே திரும்பி வந்தது.

இதோடு நின்றிருந்தால் அதிகார வரம்பு பற்றிய பத்தோடு பதினொன்றாவது தீர்ப்பாக இருந்திருக்கும். அமர்வு இன்னொரு படி மேலே போனது. தொகை சட்டத்தை மீறுவது மட்டுமல்ல, சமத்துவத்தைச் சொல்லும் அரசியலமைப்பின் 14-வது கூறையும், விரும்பிய தொழில் செய்யும் உரிமையைத் தரும் 19(1)(ஜி)-யையும் மீறுகிறது என்றது. ஏன்? இந்தத் தொகை எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழுவதாகத் தோன்றும், விழுவது அப்படி இல்லை. அப்பா வக்கீல், மாமா ஜட்ஜ் என்று இருக்கிறவனுக்கு இருபதாயிரம் ஒரு செலவு. வீட்டில் முதல் பட்டதாரியாக, அதுவும் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வருகிறவனுக்கு அதே இருபதாயிரம் ஒரு கதவு. ஏற்கெனவே சாதியும் ஆங்கிலமும் தெரிந்த முகங்களும் தீர்மானிக்கும் ஒரு தொழிலில், நுழைவிலேயே பணத்தையும் சேர்த்து நிறுத்தினால் ஏற்றத்தாழ்வு இறுகத்தான் செய்யும். காகிதத்தில் உள்ள சமத்துவம் போதாது, நிஜத்தில் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் முக்கியமான இழை.

அதே தீர்ப்பில் எங்கள் ஜூனியர் சொன்ன விஷயமும் வருகிறது, வேறு மொழியில். 'அவர்களே விரும்பித்தான் கட்டினார்கள்' என்று சொல்ல முடியாது, பதிவு செய்யாமல் தொழில் செய்ய வழியே இல்லாதபோது கட்டுவதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் நிலையில் அந்தப் பட்டதாரி இல்லை. எனக்கு இது மொத்த வழக்கின் மையமாகப் படுகிறது. ஒரு கட்டணம் சட்டவிரோதமாக முப்பது வருடம் பிழைத்திருக்க வேண்டுமானால் அதை எங்கே வைக்க வேண்டும்? வாசலில்தான். உள்ளே வராதவனுக்குக் குரல் கிடையாது, உள்ளே வந்துவிட்டவனுக்கு அது முடிந்துபோன விஷயம். கோட்டு போட்ட மறுநாளே நாம் எல்லோரும் அந்த ரசீதை மறந்துவிட்டோம். லட்சக்கணக்கான வக்கீல்கள் இருக்கிற நாட்டில், தன் தொழிலின் முதல் நாளில் தனக்கு நடந்ததைக் கேட்டு வழக்குப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உத்தரவு என்ன? பதிவு செய்யும் நேரத்தில் சட்டத்தில் உள்ள பதிவுக் கட்டணமும் முத்திரைத் தீர்வை இருந்தால் அதுவும் தவிர வேறு எதையும் எந்தப் பெயரிலும் வாங்கக் கூடாது. தீர்ப்பு வந்த நாளிலிருந்துதான் இது பொருந்தும், அதுவரை வாங்கியதைத் திருப்பித் தர வேண்டாம். ஏற்கெனவே உள்ளே இருக்கும் வழக்கறிஞர்களிடம், கவுன்சில் செய்யும் சேவைகளுக்காக, நியாயமான முறையில் கட்டணம் வாங்கும் வழியைக் கவுன்சில்கள் யோசித்துக்கொள்ளலாம்.

திருப்பித் தர வேண்டாம் என்ற பகுதி பலருக்குக் கசந்தது. எனக்கும்தான். பணம் செலவாகிவிட்டது, நல நிதியாகப் பல குடும்பங்களுக்குப் போய்விட்டது, இன்று திரும்பக் கேட்டால் கவுன்சில்கள் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் என்பது புரிகிறது. ஆனால் கட்சிக்காரரிடம் ஒரு சங்கம் சட்டவிரோதமாக வசூல் செய்திருந்தால் நாம் வட்டியோடு கேட்டிருப்போம். அடகுச் சீட்டு வைத்திருந்த பையனுக்கு இதை எப்படி விளக்குவது என்று நான் முயற்சி செய்யவில்லை.

கடைசிப் பகுதி, அதாவது உள்ளே இருப்பவர்களிடம் வாங்குங்கள் என்பது, கவனிக்கப்படாமல் போய்விட்டது, கோர்ட் கவுன்சில்களின் பணப் பிரச்சினைக்குக் கொடுத்த பதில் அதில்தான் இருக்கிறது. இருபது வருடம் தொழில் செய்து கார், சேம்பர், நாலு ஜூனியர் என்று இருக்கிறவர்களைத் தொடாமல், முதல் கட்சிக்காரரையே இன்னும் பார்க்காதவன் தலையில் மொத்த நிறுவனத்தின் செலவையும் ஏற்றுவது என்ன கணக்கு? நல நிதிக்கு வக்காலத்தில் ஸ்டாம்ப் ஒட்டும் முறை ஏற்கெனவே இருக்கிறது, தமிழ்நாட்டில் 1987-ம் வருடச் சட்டத்தின் கீழ் வந்தது. தொழில் அதிகம் செய்கிறவர் அதிக வக்காலத்து போடுகிறார், அதிகம் கட்டுகிறார். அந்த வழி நியாயமானது. ஆனால் வாக்குப் போடும் உறுப்பினர்களிடம் கட்டணத்தை உயர்த்தினால் அடுத்த பார் கவுன்சில் தேர்தலில் என்ன ஆகும் என்பதும் கவுன்சிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இன்னும் பதிவாகாதவனுக்கு ஓட்டு இல்லை.

தீர்ப்பு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தால் கர்நாடகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே பிரச்சினை அவமதிப்பு மனுவாக மறுபடி உச்ச நீதிமன்றம் வந்தது. அடையாள அட்டை, சான்றிதழ், நல நிதி, பயிற்சி என்று 6,800 ரூபாய், அதுபோக 25,000 ரூபாய் வேறு. இவை கட்டாயம் இல்லையாம், விருப்பத் தொகையாம்! கவுண்டரில் நிற்கும் பையனுக்கு விருப்பம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று யாராவது கேட்டிருப்பார்களா? 2025 ஆகஸ்ட் 4-ல் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, விருப்பத் தொகை என்று ஒன்று கிடையாது, எந்த மாநிலக் கவுன்சிலும் இந்திய பார் கவுன்சிலும் அந்தப் பெயரில் எதையும் வாங்கக் கூடாது, கர்நாடகம் உடனே நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. மகாதேவன் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர், முந்தைய அமர்வில் இருந்த பர்திவாலா இதிலும் இருந்தார். ஆக, ஒரே விஷயத்தை ஏறக்குறைய ஒரு வருட இடைவெளியில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் வக்கீல்களின் சொந்த அமைப்புகளுக்கு.

இந்தத் தீர்ப்பு தொடாத இடங்களும் இருக்கின்றன. அகில இந்திய பார் தேர்வு ஒன்று. 2010-ல் கொண்டுவந்தது, தொழிலைத் தொடர இதில் தேற வேண்டும். 2023 பிப்ரவரி 10-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்று சொல்லிவிட்டது. அதன் விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு மூவாயிரத்தைத் தாண்டுகிறது. பதிவுக்கு 750, தொழிலைத் தொடரத் தேர்வுக்கு அதைப் போல் நாலு மடங்குக்கு மேல். முன்வாசல் கட்டணத்தை இறக்கினால் பக்கத்து ஜன்னலில் டிக்கெட் விற்கிற மாதிரி இருக்கிறது என்று பசங்கள் கிண்டலடிப்பதில் தப்பில்லை.

பெரிய விஷயம் இதுவும் இல்லை. வாசலைத் தாண்டிய பிறகு வரும் மூன்று, நான்கு வருடங்கள்தான். காலையில் எட்டரைக்கு வந்து கேஸ் கட்டு எடுத்து வைத்து, மூன்று கோர்ட்டில் வாய்தா வாங்கி, மாலையில் கட்சிக்காரருக்கு டீ சொல்லி, ராத்திரி ஒன்பது மணிக்குப் பிளீடிங் டைப் அடித்துவிட்டுப் போகும் ஜூனியருக்கு நம் ஊர்களில் கிடைப்பதைச் சம்பளம் என்று யாரும் சொல்வதில்லை, பேட்டா என்றுதான் சொல்கிறோம். வாரக் கடைசியில் சீனியர் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பது, சில வாரம் மறந்துபோவது. தமிழ்நாடு அரசு 2020-ல் இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் உதவித்தொகை என்று அறிவித்தது, தகுதி நிபந்தனைகளோடு. கௌரவ் குமார் தீர்ப்புக்கு ஒன்றரை மாதம் முன்னால், 2024 ஜூனில், சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 தர வேண்டும் என்று சுற்றறிக்கை விடும்படி தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே வருடம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 என்று அறிவுரை வெளியிட்டது. அறிவுரைதான், கட்டாயம் இல்லை. வசூலிக்கும்போது விருப்பத் தொகைகூடக் கட்டாயம் மாதிரி ஆகிறது, கொடுக்கும்போது எல்லாம் விருப்பமாகவே நின்றுவிடுகிறது.

சின்ன ஊர் சீனியர்கள் பக்கமும் ஒரு பேச்சு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். முனிசிப் கோர்ட்டில் பாகப்பிரிவினையும் கடன் வழக்கும் நடத்தி, கட்சிக்காரர் ஃபீஸில் பாதியை அறுவடை முடிந்து தருகிறேன் என்று சொல்லும் ஊரில், மாதம் 15,000 கொடுத்து இரண்டு ஜூனியர் வைத்துக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? உத்தரவை அப்படியே அமல்படுத்தினால் அவர் ஜூனியரே வேண்டாம் என்று விடுவார். எங்கள் சீனியர் அந்தச் சுற்றறிக்கைச் செய்தியைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்து, "நான் ஜூனியரா இருந்தப்போ எனக்கு மத்தியானச் சாப்பாடு போட்டாங்கப்பா" என்றார். பெருமையாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா தெரியவில்லை. அடுத்த மாதத்திலிருந்து எனக்கும் அந்த ஜூனியருக்கும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார், இருபதாயிரத்துக்குப் பக்கத்தில் எல்லாம் வரவில்லை.

போன வருடம் எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் என்ரோல் ஆனார். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். என்ன செலவு ஆச்சு என்று கேட்டேன், எதற்கும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம் என்றுதான். பதிவுக்கு எழுநூற்றி ஐம்பது. கோட்டு, கவுன், பேண்டு எல்லாம் சேர்த்து அதைவிட அதிகம். சென்னைக்கு அம்மா, அப்பா, பாட்டியோடு போய்வந்த செலவு அதைவிடவும் அதிகம், பாட்டியை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லையாம். ரசீதைக் காட்டச் சொன்னேன். ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கேட்டார், "அண்ணே, உங்க ஆபீஸ்ல சேர்ந்தா பஸ் காசாவது தருவாங்களா?"